நான் மஞ்சள் பூசிய குழாய்

தி. நகரில் ஒரு நகைக்கடையின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பல வருடங்கள் கம்ப்யூட்டரில் நகை வரைந்துகொண்டிருந்தேன். வளையலோ ஜிமிக்கியோ ஆரமோ, எதுவானாலும் முதலில் என் திரையில்தான் முப்பரிமாணத்தில் பிறக்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மவுஸைப் பிடித்து அதை மேலும் கீழும் திருப்பிக் காட்டுவேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மெஷின் அதை மெழுகில் அச்சடித்துத் தரும். பட்டறைக்காரர்கள் அந்த மெழுகை வைத்து அச்செடுத்துத் தங்கத்தை ஊற்றுவார்கள்.

ஒருநாள் ஒரு தம்பதி மகள் கல்யாணத்துக்கு ஒட்டியாணம் சொல்ல வந்தார்கள். அந்த அம்மாள் நடுவில் இருந்த மயிலின் தோகையைப் பற்றி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் மயிலைப் பார்க்கவே இல்லை. மவுஸின் மேலிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நடுவுல வெட்டி, உள்பக்கம் எப்படி இருக்குன்னு காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

"காட்டலாமே சார். எங்கே வெட்டணும்?"

"எங்கே வேணாலும்."

மயிலை நெஞ்சோடு வெட்டிக் காட்டினேன். தங்கம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக உள்ளே கூடாக விட்டிருந்தது தெரிந்தது. அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதே மாதிரி ஒரு கல்லீரலை வெட்டிக் காட்டுவீங்களா?"

"நகை வாங்க வந்த இடத்துலயும் ஆரம்பிச்சாச்சா?" என்றார் மனைவி.

அவர் அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர். ஈரல் ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் ஈரலைத் திரையில் முப்பரிமாணமாகக் கட்டி, எங்கே வெட்டுவது, எவ்வளவு விடுவது என்று திட்டம் போட ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். நாள் முழுக்க அதில் உட்கார்ந்து பொறுமையாக வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒட்டியாணத்தை வாங்கிக்கொண்டு போன அன்று மறுபடி கேட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பயத்தினால் அல்ல.

கடை முதலாளியிடம் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"ஈரல்லயா? அதுல எங்கம்மா கல்லு பதிப்ப?"

"கல்லு இல்ல அண்ணாச்சி. உள்ள இருக்கற ரத்தக்குழாய் எல்லாம் வரையணும்."

"சரி, போய்ப் பாத்துட்டு வா. பிடிக்கலைன்னா இங்கன வந்துரு. உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வைக்கேன்."

திரும்பிப் போகவே இல்லை.

சிடி ஸ்கேன் என்பது, வாழைக்காயை வறுவலுக்குச் சீவுகிற மாதிரி, உடம்பை மெல்லிய வில்லைகளாகக் காட்டும் படங்களின் அடுக்கு. எல்லாம் கறுப்பும் வெளுப்பும் சாம்பலும். ஒவ்வொரு வில்லையிலும் ஈரலின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். உள்ளே போகிற ஒவ்வொரு குழாயையும், வில்லை வில்லையாக, அது எங்கே வளைகிறது, எங்கே பிரிகிறது என்று பின்தொடர்ந்து நிறம் கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் பாதி வேலையைத் தானே செய்யும். ஆனால் அதுவும் தப்புப் பண்ணும். அடுத்தடுத்து ஓடும் இரண்டு குழாய்களை ஒட்டவைத்துவிடும், மெல்லியதை விட்டுவிடும். உட்கார்ந்து திருத்த வேண்டும். முதல் சில மாதம் ஸ்கேன் டாக்டர் என் ஒவ்வொரு கோட்டையும் பார்த்தார்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். ஈரலுக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்கள் உண்டு, அங்கிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய்கள் உண்டு. ஒரு பகுதியை உடம்பில் விட்டுவைக்க வேண்டுமானால் அதற்கு இரண்டும் இருக்க வேண்டும். வரும் வழி மட்டும் இருந்து போகும் வழி இல்லையென்றால் அந்தப் பகுதி வீங்கி வீணாகிவிடும். வரும் குழாய்க்கு நீலம், போகும் குழாய்க்குப் பச்சை, கட்டிக்குக் கத்திரிப்பூ நிறம் என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து பட்டனை அழுத்தினால் அத்தனை வில்லைகளும் ஒன்றுசேர்ந்து ஒரு முழு ஈரல் கறுப்புத் திரையில் எழுந்து நிற்கும், உள்ளே நீலமும் பச்சையுமாக இரண்டு மரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கிளை விட்டபடி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். ஒருத்தருடையது மாதிரி இன்னொருத்தருடையது இருக்காது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. ஈரல் என்பது எப்படி இருக்கும் என்றே எனக்கு அதற்கு முன் தெரியாது. காலிஃப்ளவரை நறுக்கினால் கூட இப்போது தண்டைத்தான் பார்ப்பேன்.

"இங்க பாருங்கோ, எப்படி அழகா ரெண்டாப் பிரியறது" என்று கணவரிடம் காட்டினேன்.

"ஆத்துல ஒரு காய்கறியைக் கூட நிம்மதியா சாப்பிட விடமாட்டே போலிருக்கே" என்றார். ஆனால் தண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

வேலை கைவந்து, நானே முழுதாகச் செய்து முடிக்கலாம் என்ற நிலை வந்த சமயத்தில்தான் அந்த அக்காவின் ஸ்கேன் என்னிடம் வந்தது.

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற அம்மாள். ஐம்பதைத் தாண்டிய வயது. வலது பக்கம் விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று பார்க்கப் போன இடத்தில் ஈரலில் கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய்க் கட்டிதான். வேறு எங்கும் பரவவில்லை. எடுத்துவிட்டால் நல்லது. ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் சரியில்லை. ஈரலின் வலது மேல்புறத்தில், அந்தப் பக்கத்து ரத்தமெல்லாம் வெளியே போகிற பெரிய குழாயின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டியை எடுத்தால் குழாயையும் எடுக்க வேண்டும். குழாயை எடுத்தால் வலது பக்கம் முழுவதையுமே எடுக்க வேண்டும். மிஞ்சுவது இடது பக்கம். அதை அளந்து பார்த்தேன். இந்த அக்காவுக்கு இடது பக்கம் பிறப்பிலேயே சின்னது. அவ்வளவு சின்னத் துண்டை வைத்துக்கொண்டு உடம்பு தாங்காது.

என் அளவு தப்பாக இருக்கக்கூடாதா என்று மறுபடி அளந்தேன். தப்பில்லை.

ஸ்கேன் டாக்டர் என் பின்னால் வந்து நின்றார். திரையில் படங்களை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டச் சொன்னார்.

"நிறுத்துங்க. ஒண்ணு மேல போங்க. இதைப் பாருங்க."

ஈரலின் அடிப்பக்கத்தில் வெளுப்பாக ஒரு கீற்று. பெரிய குழாய்களோடு சேராமல், குறுக்கே நேராக முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நேத்தே பார்த்து ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். சில பேருக்கு மட்டும் இப்படிக் கீழ ஒரு தனிக் குழாய் இருக்கும். சில பேருக்கு நூல் மாதிரி, உபயோகமில்ல. சில பேருக்கு நல்ல தடிமனா இருக்கும். இது எவ்வளவு இடத்து ரத்தத்தை வெளிய கொண்டுபோகுதுன்னு படத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. உங்க மாடல்தான் சொல்லணும்."

அந்தக் குழாயைத் தனியாக எடுத்தேன். பச்சை ஏற்கெனவே மற்றவற்றுக்கு இருந்ததால் இதற்கு மஞ்சள் கொடுத்தேன். வில்லை வில்லையாக அதன் பின்னால் போனேன். அது கிளை விட்டது. கிளை மறுபடி கிளை விட்டது. கடைசியில், இந்தக் குழாயை நம்பியிருக்கும் பகுதி எது என்று சாஃப்ட்வேரைக் கேட்டேன்.

ஈரலின் வலது கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட முழுவதும் மஞ்சளாக ஒளிர்ந்தது.

"டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் அவர்.

டாக்டரம்மா என்று எல்லோரும் சொல்வது ஈரல் ஆபரேஷன் செய்யும் தலைமை சர்ஜனை. புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து வந்தார். நின்றபடியே பார்க்க ஆரம்பித்தவர் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஈரலை முன்னே பின்னே திருப்பினார். அடியிலிருந்து பார்த்தார். வெட்டுக்கோடு ஒன்றைப் போட்டார். மேல்பகுதியும் கட்டியும் பெரிய குழாயும் போயின. கீழ்ப்பகுதி தன் மஞ்சள் குழாயோடு நின்றது. இடது பக்கமும் இந்தக் கீழ்த் துண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று பக்கத்தில் எண் வந்தது. தாராளமாகப் போதும்.

அந்தக் கோட்டை அழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வெட்டினார். கீழ்ப்பகுதிக்கு ரத்தம் கொண்டுவரும் நீலக் கிளை அறுபட்டது. "இது வேண்டாம்" என்று மேலே ஏற்றினார். கட்டியின் ஓரம் தட்டியது. "இதுவும் வேண்டாம்." நிஜ உடம்பில் ஒருமுறைதான் வெட்ட முடியும். இங்கே வெட்டி வெட்டிப் பார்த்தார், திருப்தியாகும்வரை. கதவுக்கு வெளியே நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"வழி இருக்கு" என்றார் டாக்டரம்மா. பிறகு மஞ்சள் குழாயின் முனையில் அம்புக்குறியை நிறுத்தினார். "ஆனா இது இதயத்துக்குப் போற ரத்தக்குழாயில போய்ச் சேர்ற இடம் ஏன் இப்படிக் கலங்கலா இருக்கு?"

ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மூச்சை விட்டிருக்கிறார், அதனால் அந்த வில்லைகள் அசைந்துவிட்டன என்றார் ஸ்கேன் டாக்டர்.

"எனக்கு அந்த இடம்தான் வேணும். அங்க குறுகலா இருந்தா இந்த யோசனையே கிடையாது. இன்னொரு தடவை எடுங்க, மூச்சு விடாம."

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா மறுபடி வந்தபோது நான்தான் ஸ்கேன் அறைக்கு வெளியே போய் அவரைப் பார்த்தேன். எனக்கு அதற்கு அவசியமில்லை. ஆனால் அவர் ஈரலை நான் அத்தனை பக்கமும் பார்த்தாகிவிட்டது, முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நீண்ட பெஞ்சில் கால்களை மேலே மடக்கி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு, காதில் பெரிய கம்மல். அவர் கணவர் சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கட்டுமரத்திலும் பிறகு ஃபைபர் படகிலும் கடலுக்குப் போனவர், ஒல்லியான மனிதர்.

"அக்கா, போன தடவை நடுவுல மூச்சு விட்டுட்டீங்களா?" என்றேன்.

"இன்னாம்மா பண்றது? உள்ள தள்ளுச்சா, அந்த மிசினு பேசுச்சு. மூச்சை இழுத்துப் புடின்னுச்சு. நானும் சரின்னேன். வாயத் தொறந்தா மூச்சு பூட்ச்சு."

"பதில் சொல்ல வேண்டாம்க்கா. அது பதிவு பண்ணின குரல்."

"எனுக்கு எப்டி தெரியும்? காலீலேந்து கூவிக்கினே கீறவ நான். மீனு விக்கிறவ வாய மூடினா யாவாரம் ஏது?" என்றவர், கணவரைக் கையால் காட்டினார். "இந்தாளு கீறாரே, வலை பாறைல மாட்டிக்கினா முங்கி எடுப்பாரு. முங்கினா வரவே மாட்டாரு. மூச்சுப் புடிக்கிறதுக்கு அவர அனுப்பி எடுக்க முடியாதா?"

கணவர் சிரிக்கவில்லை. ஆனால் சுவரை விட்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெஞ்ச ரொப்பாத" என்றார். "முழுசா இழுத்தன்னா முட்டும். முக்காவாசி இழு. கண்ண மூடிக்கோ. நான் வெரலு நீட்றேன். அத்தத் தொட்டுக்கினே இரு."

அந்த பெஞ்சிலேயே ஒத்திகை நடந்தது. முதல் தடவை அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை இருமல். அதற்கடுத்த தடவை அவர் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டபடி கண்ணை மூடி அசையாமல் இருந்தார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த எதிர் பெஞ்சுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன், அக்கா கண்ணைத் திறந்ததும் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

அன்று எடுத்த ஸ்கேன் கண்ணாடி மாதிரி வந்தது. மஞ்சள் குழாய் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் சேரும் இடம் தெளிவாக, அகலமாக, வாய் திறந்து இருந்தது. நான் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு தடவை நடந்தேன். பிறகு ஸ்கேன் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி மூச்சிரைக்க வந்தார்.

டாக்டரம்மா அந்த ஈரலின் பிரதி ஒன்று கையில் வேண்டும் என்றார். பெருங்குடியில் மருத்துவ மாடல்கள் அச்சடித்துத் தரும் ஒரு சிறிய பட்டறையில் கொடுத்தோம். நகைக்கடையில் கட்டைவிரல் அளவு மெழுகு அச்சுகளையே பார்த்துப் பழகிய நான், அவர்கள் மேஜையில் வைத்ததைக் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நிஜ அளவு. கண்ணாடி போலத் தெளிந்த ஈரல். உள்ளே குழாய்கள் நிறத்தோடு. வெட்டுக்கோட்டில் அது இரண்டாகக் கழன்று வரும், மறுபடி பொருத்தலாம்.

கூரியரில் அனுப்புகிறோம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் துணி விலகிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த பூக்காரம்மா குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? கல்யாணத்துக்கு ஜெல்லியா?"

"இல்லம்மா. ஒருத்தரோட கல்லீரல்."

அவர் நகர்ந்து உட்காருவார் என்று நினைத்தேன். நெருங்கி வந்தார். கட்டி எது என்று கேட்டார். காட்டினேன். அடையாறு வருவதற்குள் முன் சீட்டுக்காரர், கண்டக்டர் என்று நாலைந்து பேருக்கு நான் விளக்கம் சொல்லியாகிவிட்டது. இறங்கும்போது பூக்காரம்மா, "நல்லா ஆவட்டும் அந்த மகராசிக்கு" என்று ஒரு முழம் மல்லியை என் மடியில் வைத்தார்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறைக்கு அக்காவும் கணவரும் வந்தார்கள். மாடலைக் காட்டும் வேலையை டாக்டரம்மா என்னிடம் விட்டார்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். எடை போடுகிறவர் போல ஏந்திப் பார்த்தார்.

"இது என்னுதா?"

"உங்களோடதேதான்க்கா. இதே அளவு, இதே வடிவம்."

"சொறா ஈரலு பாத்துகீறேன். திருக்க ஈரலு பாத்துகீறேன். மன்ச ஈரல இப்பதான் பாக்கறேன்." வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஷோக்காத்தான் கீது. இந்தக் கத்திரிப்பூ கலர்ல கீறதுதான் அந்தச் சனியனா?"

"ஆமாம்க்கா."

"குடிக்கிற ஆம்பளைங்களுக்குத்தான் ஈரலு போவும்பாங்கோ. நான் டீய விட்டா இன்னாத்தக் குடிச்சேன்?"

"குடிக்காதவங்களுக்கும் வருதும்மா" என்றார் டாக்டரம்மா. "நீங்க எந்தத் தப்பும் பண்ணல." பிறகு மாடலின் மேல்பகுதியைக் கழற்றினார். "இவ்வளவும் எடுத்துடுவோம். இது உங்களுக்கு இருக்கும். எல்லாருக்கும் கீழ்ப்பக்கம் இப்படித் தனிக் குழாய் இருக்காது. உங்களுக்கு இருக்கு. அதனாலதான் இந்த ஆபரேஷனுக்கு நான் துணியறேன். ஆனா ஒண்ணு. உள்ள திறந்து பார்த்து, நாங்க நினைச்ச மாதிரி அந்தக் குழாய் வேலை செய்யலைன்னா, வெட்டாம மூடிட்டு வந்துடுவேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மாடலை அவர் பக்கம் நீட்டினார்.

"யோவ், இங்க பாரு. நேரா பாரு. இத்தப் பாத்தா பயம் போவுது."

அவர் திரும்பினார். தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் ஒற்றை விரலால் மஞ்சள் குழாயைக் காட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது நிஜமாவே உள்ள கீதா? நீங்க போட்டதா?"

"நிறம்தான் நான் போட்டதுண்ணா. குழாய் அவங்களோடது."

"அப்ப செஞ்சிடலாம்" என்றார் அக்கா, அவருக்கும் சேர்த்து.

ஆபரேஷன் அன்று திரையைத் திருப்பிக் காட்ட என்னையும் தியேட்டருக்குள் வரச் சொன்னார்கள். பச்சை உடை, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, யாரும் என்னை இடிக்காத ஒரு மூலையில் பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்றேன். ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வந்துவிடுமோ என்று பயந்து, காலையில் சாப்பிடாமலே கிளம்பப் பார்த்தேன். என் கணவர்தான் இட்லியைப் பிட்டுக் கையில் கொடுத்து, "வெறும் வயத்தோட போகாதே" என்று சாப்பிட வைத்திருந்தார்.

வயிற்றைத் திறந்து ஈரல் தெரிந்ததும் எனக்கு மயக்கம் வரவில்லை. அடையாளம் தெரிந்தது. அந்த வளைவு, அந்த ஓரத்துச் சின்னப் பள்ளம், இடது பக்கத்தின் கூர்முனை. நிறம் மட்டும் நான் நினைத்தே பார்க்காதது, பளபளவென்று, அடர்ந்த செம்பழுப்பு. அது அக்காவின் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் அசைந்தது. திரையில் என் ஈரல் ஒருநாளும் அசைந்ததில்லை.

"இப்ப நான் வலது பக்கத்தைத் தூக்கி இடதுபுறமாத் திருப்பியிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "அதே மாதிரி திருப்பிக் காட்டுங்க."

திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே விடுங்க."

ஸ்கேன் டாக்டரும் அன்று உள்ளேதான் இருந்தார். ஈரலின் மேலேயே வைத்துப் பார்க்கிற சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியை டாக்டரம்மா நகர்த்த, அவர் அதன் திரையைப் படித்துச் சொன்னார். பெரிய குழாய் தெரிந்தது. கட்டி தெரிந்தது. கருவி கீழே இறங்கியது.

"இருக்கு" என்றார். "நல்ல தடிமனா இருக்கு. மாடல்ல இருக்கற அதே இடம்."

ஆனால் இருப்பது மட்டும் போதாது. மேலே பெரிய குழாய் போன பிறகு இது தனியாகத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். டாக்டரம்மா பெரிய குழாயை ஒரு கவ்வியால் மெல்லக் கவ்விப் பிடித்தார். வெட்டவில்லை, அடைத்து மட்டும் வைத்தார். இனி கீழ்ப்பகுதியின் ரத்தம் மஞ்சள் குழாய் வழியாக மட்டும்தான் போயாக வேண்டும். எல்லோரும் காத்திருந்தோம். ஈரலின் கீழ்ப்பகுதி கறுக்கிறதா என்று டாக்டரம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரையைப் பார்ப்பதை மறந்து அதையே பார்த்தேன். மேல்புறம் மெதுவாக மங்கி, ஊதா ஓடியது. கீழ்ப்புறம் அப்படியே செம்பழுப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தானாக எழுந்தது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் திரையில், அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது.

"ஓடுதா?" என்று கேட்டார் டாக்டரம்மா, நிமிராமல்.

அல்ட்ராசவுண்ட் திரையில் அந்தக் குழாய்க்குள் நிறம் துடித்தது. கருவியிலிருந்து விட்டுவிட்டு ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லா ஓடுது" என்றார் ஸ்கேன் டாக்டர்.

"அப்ப ஆரம்பிக்கலாம்."

பிறகு பல மணி நேரம். திருப்புங்க, கிட்டக் கொண்டு வாங்க, நீலத்தை மட்டும் விட்டு மற்றதை மறைங்க என்று சொல்லச் சொல்லச் செய்தேன். வெட்டிக்கொண்டே போகும்போது, "இப்ப ஒரு கிளை வரணுமே" என்பார், சற்று நேரத்தில் அது வரும். ஒரே ஒரு இடத்தில் மாடலில் இல்லாத மெல்லிய குழாய் ஒன்று வந்தது. அவசரமாகத் திரையில் அதைத் தேடினேன். "இதெல்லாம் இருக்கறதுதான்" என்று அவர் கட்டிவிட்டு மேலே போனார். கட்டி முழுதாக, சுற்றிலும் நல்ல சதையோடு வெளியே வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பசியே தெரியவில்லை.

கீழே காத்திருப்போர் பகுதியில் அக்காவின் கணவர் தூணருகே நின்றிருந்தார். டாக்டரம்மா அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டுப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்தார்.

"டாக்டரம்மா நல்லபடியா முடிஞ்சிச்சின்னாங்கோ. வேற நெறைய சொன்னாங்கோ. காதுல ஏறல. நீ சொல்லும்மா. அந்த மஞ்சக் கொழா இருந்துச்சா?"

"இருந்துதுண்ணா. ரத்தம் நல்லா ஓடுது. நான் கண்ணால பார்த்தேன்."

அவர் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அப்படியே தூணடியில் குந்தி, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

நடுவில் அக்காவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து இறங்கியது. கண் மஞ்சளாகிறதா என்று தினமும் பார்த்தார்கள், ஆகவில்லை. வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பேசாமல் இருக்கச் சொல்லித்தான் நர்ஸ்கள் களைத்தார்கள். எடுத்த கட்டியின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று பரிசோதனை முடிவு வந்த அன்று, அவர் நடந்தே லிஃப்ட் வரை போய் வீட்டுக்குக் கிளம்பினார்.

சில மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார். படங்கள் வந்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதை எடுத்தேன். மறுபடி வில்லை வில்லையாகப் போனேன். பட்டனை அழுத்தினேன். திரையில் எழுந்தது எனக்குத் தெரிந்த ஈரல் இல்லை. கூர்முனையோடு இருந்த சின்ன இடது பக்கம் உருண்டு திரண்டிருந்தது. வலது கீழ்த் துண்டு மேல் நோக்கிப் பருத்து, காலியாக விட்ட இடத்தில் பாதியை நிரப்பியிருந்தது. மஞ்சள் குழாய் முன்பைவிட அகலமாகியிருந்தது. ஈரல் வளரும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நானே வரைந்த ஒன்று வளர்ந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது நிஜம். வழியில் காவலாளி, "மெதுவா மேடம்" என்றார்.

அறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கூடை தூக்க டாக்டரம்மா இன்னும் அனுமதிக்கவில்லை. நாத்தனார் மீனைக் கொண்டுவந்து இறக்க, ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே வியாபாரம் நடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இது ஆபரேஷன் முடிஞ்சப்ப உங்ககிட்ட இருந்த ஈரல். இது இப்ப இருக்கறது. புதுசாக் கட்டி எதுவும் இல்லை."

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, நான் சொன்னால்தான் நம்புவேன் என்பது போல் கேட்டார்.

"நெசமாவா? இம்மாம் வளந்துகீதா?"

"நெசமாதான்க்கா. நான் அளந்து பார்த்துட்டேன்."

"நான் ஒண்ணுமே செய்யலியேம்மா" என்றார். "சும்மா குந்திக்கினு மீனு வித்துக்கினு இருந்தேன். அது பாட்டுக்கு வளந்துகீது பாரு."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் ஈரலை இன்னொரு சுற்றுத் திருப்பிக் காட்டினேன். அக்கா இன்னொரு சுற்றுக் கேட்டார்.